ஹானிகன் திரும்பி வருகிறார்

மார்ச் 3, திங்கள்

இன்று கிரெய்க் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். இந்த இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

கிரெய்க் எங்கள் மாவட்ட ரக்பி லீக் சங்கத்தின் பொது மேலாளர். விளம்பரம், டிக்கெட், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசுவது எல்லாம் நான் ஒருத்தி. ஒவ்வொரு ஜூனிலும் மேற்கு மாவட்டத்தின் எல்லாக் கழகங்களிலிருந்தும் பொறுக்கியெடுத்த பதின்மூன்று பேர், கடற்கரை மாவட்டத்தின் பதின்மூன்று பேரோடு இங்கே, சிட்னிக்கு வெகு தொலைவிலுள்ள கரோங்காவில் ஆடுவார்கள். தெரிவு அணி ஆட்டம். ஒரு காலத்தில் கடைகளைப் பூட்டிவிட்டு ஊரே போகுமாம். போன வருடம் வந்தவர்கள் 2,317 பேர். அதில் நானூறு பேர் நான் இலவசச் சீட்டுக் கொடுத்து வரவழைத்த பள்ளிப் பிள்ளைகள். ஒன்பதாயிரம் பேர் கொள்ளும் மைதானம்.

"ஆறாயிரம் பேர் வரணும், சுகி. அதுக்குக் கீழே போனா இந்த ஆட்டமே இனிக் கிடையாதுன்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க" என்றார் கிரெய்க்.

ஆட்டம் இல்லையென்றால் நானும் தேவையில்லை. அதை அவர் வாயால் சொல்லவில்லை. என் விசாவுக்குச் சங்கம் பொறுப்பேற்றுக் கொடுத்த கடிதம் ஜூலையில் முடிகிறது என்று மட்டும் சொன்னார், நாட்காட்டியைப் பார்த்து வாசிப்பது போல. என் விசாவில்தான் என் கணவர் நிமலனும் மகள் ஆதிரையும் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பருப்பும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் செய்தேன். நிமலனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆதிரைக்கு மேல்சட்டைப் பொத்தான் தைக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

ஏன் வருவதில்லை என்று கடைத்தெருவில் முப்பது பேரிடம் கேட்டேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். அவரவர் கழகம் தோற்றால் அழுவார்கள். மாவட்ட அணி யாருடைய பிள்ளையும் இல்லை. அதற்காக மழையில் நனைய ஆளில்லை.

கண்டியில் நான் படித்தபோது ரக்பி என்றால் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி போவோம். அது பதினைந்து பேர் ஆடும் வேறு வகை. ஆனால் நாங்கள் ஆட்டத்துக்காகப் போகவில்லை, ஒரு முகத்துக்காகப் போனோம். இங்கேயும் ஒரு முகம் வேண்டும்.

அது சங்க அலுவலக நடையிலேயே தொங்குகிறது. 1994 ஆட்டத்தின் படம். தலையில் கட்டு, கழுத்துவரை ரத்தம், கையில் கோப்பை. டக் ஹானிகன். அன்று மூன்று தடவை மயங்கி விழுந்து மூன்று தடவையும் எழுந்து ஆடினாராம். மூன்றாம் தடவை எழுந்தவர், "நாம எந்தப் பக்கம் ஓடணும்?" என்று கூட ஆடியவரிடம் கேட்டாராம். இதைச் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. சொல்லிவிட்டு எல்லாரும் சிரிக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

டக் ஊருக்கு வெளியே பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிறார், தானியக் களஞ்சியத்துக்குப் பின்னால். அவர் மனைவி மொய்ரா கதவைத் திறந்தார். டக் எழுந்து நின்றபோது அறையே சின்னதாகிவிட்டது. ஐம்பத்தாறு வயது, ஆனாலும் கதவளவு தோள்கள். கை குலுக்கியபோது மட்டும் முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்தார்.

1994 கதையை அவர் வாயாலேயே கேட்டேன். அப்படிக் கதை சொல்ல ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வரும். தேநீர் வந்தது. தேநீர் குடித்துக்கொண்டே அதே கதையை இன்னொரு முறை சொன்னார். பெரிய ஆட்டக்காரர்கள் தங்கள் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது வழக்கம்தானே.

மொய்ரா கார்வரை வந்தார். "ஏதும் எடுக்கிறதுன்னா காலையில எடுங்க. மத்தியானத்துக்கு மேல வேண்டாம்" என்றார்.

குறித்துக்கொண்டேன். காலை வெளிச்சம் படப்பிடிப்புக்கும் நல்லதுதான்.

மார்ச் 18, செவ்வாய்

முப்பது வினாடி விளம்பரத்துக்கு நாலு மணி நேரம் ஆனது. அவர் சொல்ல வேண்டியது, "ஜூன் பதினாலு. நம்ம மைதானம். நான் வர்றேன்." அவ்வளவுதான். கடைசியில் பெரிய அட்டையில் எழுதிக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அட்டையைப் பார்த்து அழகாகச் சொன்னார்.

நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வேடிக்கைக்காரர்.

மார்ச் 19, புதன்

விளம்பரத்தை வெட்டி ஒட்டியாகிவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

விளம்பரம் போட்டு ஐந்து நாளில் 1,900 டிக்கெட். இந்த நேரத்தில் போன வருடம் அறுபது. கிரெய்க் என் மேசைக்கே வந்து கை கொடுத்தார். சூப்பர்மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை நிறுத்தி, "டக் உண்மையிலேயே வர்றாரா?" என்று கேட்டார். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் பெரிய விளம்பரப் பலகை வைக்கப் போகிறோம். அந்தப் பழைய படமும் கீழே நான் எழுதிய வாசகமும். "ஹானிகன் திரும்பி வருகிறார். நீங்கள்?"

சாப்பிடும்போது நிமலனிடம் விளம்பரத்தைக் காட்டினேன். நிமலன் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார், நினைவு தவறியவர்கள் இருக்கும் பகுதியில். இரண்டு தடவை பார்த்தார்.

"எத்தனை தடவை வெட்டி ஒட்டின?"

"எல்லா விளம்பரமும் வெட்டி ஒட்டுறதுதான்."

"சொல்லி முடிச்சதும் பக்கத்துல யாரையோ பாக்குறாரே, சரியாச் சொன்னேனான்னு கேக்குற மாதிரி. அங்க யாரு, அவர் பெண்சாதியா? எங்க பகுதியில உள்ளவங்க அப்பிடித்தான் பாப்பாங்க, சுகி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவருக்கு எல்லாரும் நோயாளிதான். போன மாதம் தொலைபேசியில் என் அம்மாவிடமே இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டவர். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஏப்ரல் 5, சனி

ஷாப்பிங் சென்டரில் டக். ஒரு மணி நேரம் என்று போட்டோம், இரண்டரை மணி நேரம் வரிசை நின்றது. வழுக்கை விழுந்த ஒரு ஆள் பேச வாயெடுத்து, பேச முடியாமல் அவர் தோளில் சாய்ந்து அழுதார். டக் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். இத்தனை சந்தோஷமான மனிதரை நான் பார்த்தது இல்லை. இதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை.

மொய்ரா தூரத்தில் நின்று பார்த்தார். "ரெண்டு வருஷமா எங்க வீட்டுக்கு யாரும் வர்றதில்லை" என்றார்.

திரும்பும்போது டக் காரில் கேட்டார், "எந்தச் சனிக்கிழமை?" ஜூன் பதினாலு என்றேன். "அப்ப பயிற்சி ஆரம்பிக்கணும்" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். மொய்ரா கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மொய்ரா என்னை வரச்சொல்லி, டக் குளித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பே சிட்னியில் டாக்டர் சொல்லிவிட்டாராம். தலையில் பட்ட அடிகள். மூளை சுருங்கிக்கொண்டே போகிறது. திரும்பி வராது.

"ஏன் சம்மதிச்சீங்க?" என்று கேட்டேன்.

"வருஷக் கடைசியில அவரை எங்கயாவது சேர்க்கணும். என்னால தூக்க முடியல. அதுக்கு முன்னாடி இந்த ஊரு அவரை ஒரு தடவை ஒழுங்காப் பாக்கட்டும். ஜூன் பதினாலு வரைக்கும் நீ யார்கிட்டயும் சொல்லாதே."

சரி என்றேன். எனக்கு இதுவரை தெரியவே தெரியாது என்றும் சொன்னேன்.

வீட்டில் நிமலனிடம் சொன்னேன். அவர் ஆதிரையின் கணக்குக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மே 6, செவ்வாய்

மொய்ரா போன். டக் காலையில் வீட்டில் இல்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி, விதைத்த வயல்களுக்கு நடுவில், நெடுஞ்சாலை ஓரமாக ஓடிக்கொண்டிருந்தாராம். ஒரு காலில் சப்பாத்து இல்லை. உள்ளங்கால் கிழிந்திருந்தது.

"அந்தப் பலகையைப் பாத்திருக்கார், சுகி. தன்னைத் தெரிவு பண்ணிட்டாங்கன்னு நினைக்கிறார். 'எல்லாருக்கும் தெரியுது, நீ மட்டும் ஏன் சொல்லல'ன்னு என்கிட்டக் கோபம். அதைக் கழற்றிடுறியா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

டிக்கெட் 4,100.

மே 8, வியாழன்

பலகையைக் கழற்ற ஆள் கிடைக்கவில்லை. அந்த வேலை செய்யும் ஆட்கள் இந்த மாதம் முழுக்க வேறு ஊரில். ஆதிரைக்குக் காய்ச்சல், அரைநாள் லீவு போட்டேன்.

மே 14, புதன்

அழைப்பிதழ் கொடுக்க மொய்ரா வீட்டுக்குப் போனேன். டக் பின்முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தார். இடித்துவிட்டுப் பின்னால் வந்து மறுபடியும் ஓடி இடித்தார். தகரம் உள்வாங்கிப் போயிருந்தது. என்னைக் கண்டதும் கையசைத்தார்.

மொய்ராவுக்கு இடது கன்னத்தெலும்பு வீங்கிக் கண்வரை நீலம் பாய்ந்திருந்தது. கதவு இடித்ததாம்.

பழைய வீடுகளில் கதவுகள் அப்படித்தான், காற்றுக்குத் தாமாகச் சாத்திக்கொள்ளும்.

மே 21, புதன்

கிரெய்க்குக்குப் புது யோசனை. ஆட்டம் தொடங்குமுன் டக் பந்தை ஏந்தி மைதானத்தின் நடுவுக்குப் போய் நடுவரிடம் கொடுக்க வேண்டும். பிறகு எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள்.

இனியும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். மேசையில் என் பெயர் போட்ட கோப்பு. "உங்க கடிதம்தான். ஆட்டம் முடிஞ்ச திங்கட்கிழமை கையெழுத்துப் போடுறேன். என்ன விஷயம்?" என்றார்.

"கிழக்குப் பக்க வாசல்ல குடிதண்ணி வசதி போதாது" என்றேன்.

மே 29, வியாழன்

நிமலன் இன்று நேராகவே கேட்டார். "அந்த மனுஷனைக் கோட்டுக்குப் பக்கத்துல உக்கார வைக்கப் போறீங்களா?"

"பந்தைக் குடுத்துட்டு உக்காருவார். அவ்வளவுதான்."

"அவர் ஆடுறதுக்கு வர்றார், சுகி. உனக்குத் தெரியும். நீ கிரெய்க்குக்கு எழுது. இல்லாட்டி நான் எழுதுறேன்."

"எழுதுங்க. எழுதிட்டு ஆதிரையைக் கூட்டிக்கிட்டு ஜூலையில எங்க போறதுன்னும் சேர்த்து எழுதுங்க."

இப்படி நான் பேசுவதில்லை. அவர் வெளியே போய்த் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார், "சரி. அன்னிக்கு நான் லீவு போடுறேன். அவர் பக்கத்துல நான் உக்காருறேன். ஒரு அடி கூட நகர மாட்டேன்."

கிரெய்க்கிடம் டக்குக்குத் துணைக்கு ஒரு ஆள் என்று மட்டும் சொல்லிவிடலாம். மொய்ராவிடம் போனில் சொன்னேன். அழுதார். எனக்கும் பாரம் இறங்கியது போல இருந்தது. முறையாகப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்கிறார். இதைவிட வேறு யார் என்ன செய்திருப்பார்கள்?

ஜூன் 7, சனி

6,450. தாண்டிவிட்டோம்.

ஜூன் 13, வெள்ளி

மழை இல்லை என்கிறார்கள்.

ஜூன் 14, சனி

8,112 பேர்.

ஜூன் 16, திங்கள்

எழுதிவிட வேண்டும். பிறகு ஞாபகம் வேறு மாதிரி ஆகிவிடும்.

இரண்டு மணி ஆட்டத்துக்குப் பதினொன்றுக்கே கூட்டம் வந்துவிட்டது. டக் சிவப்பும் கறுப்பும் கோடு போட்ட மாவட்ட ஜெர்சியோடு வெளியே வந்ததும் எழுந்தவர்கள் அவர் நடுவுக்குப் போய்ச் சேரும்வரை உட்காரவில்லை. நிமலன் அவருக்கு ஒரு அடி பின்னால் போனார். நடுவர் கையை நீட்டினார். டக் பந்தைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆட்டக்காரர்களையே பார்த்தார். நிமலன் காதில் ஏதோ சொன்னார். கொடுத்துவிட்டார். விருந்தினர் வரிசையில் கிரெய்க்குக்குப் பக்கத்திலிருந்த மொய்ரா முகத்தைப் பொத்திக்கொண்டார்.

முதல் பாதி முழுக்கப் பெஞ்சில் முழங்காலில் போர்வையோடு அமைதியாக இருந்தார். நிமலன் அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

இரண்டாம் பாதியில் பன்னிரண்டாவது நிமிடம். நாம் நாலு புள்ளி பின்னால். டக் எழுந்து போர்வையை நாலாக மடித்துப் பெஞ்சில் வைத்தாராம். கோட்டைத் தாண்டி நடந்தாராம். பிறகு ஓடினார். அது நான் கண்ணால் கண்டது. ஐம்பத்தாறு வயது ஆள் ஓடுவது போல அது இல்லை.

எல்லாரும் எழுந்தார்கள். ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்தார்கள். ஏன் நினைக்க மாட்டார்கள்? மூன்று மாதமாக அவர் திரும்பி வருகிறார் என்று எழுதி ஒட்டியிருந்தேன். எட்டாயிரம் பேர் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். உயரத்தில் ஒரு பந்து வந்துகொண்டிருந்தது. நம் ஆட்டக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்தபடி முழு வேகத்தில் வந்தார். டக் கைகளை விரித்துக்கொண்டு அதே பந்துக்குப் போனார்.

நான் மேல் படியில் நின்றதால் மோதிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கைதட்டல் நிற்க நேரம் எடுத்தது. அவர் எழுந்திருப்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் எழுந்திருக்கிறவர் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

நிமலன் அந்த இரண்டு நிமிடம் பக்கத்தில் இல்லை. ஆதிரையோடு இருந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை.

ஜூன் 18, புதன்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு டக் போய்விட்டார்.

ஜூன் 20, வெள்ளி

மரண விசாரணைக்காகப் போலீஸ் எல்லாரிடமும் வாக்குமூலம் வாங்குகிறார்கள். கிரெய்க் என்னைக் கூப்பிட்டு, "அவருக்கு இப்படி ஒரு நோய் இருந்ததே நம்ம யாருக்கும் தெரியாது. குடும்பம் மறைச்சிருச்சு. அப்படித்தானே?" என்றார். அவருக்குத் தெரியாது என்பது உண்மை.

வீட்டில் நிமலன் எனக்கு முன்னாலேயே யோசித்து வைத்திருந்தார்.

"மொய்ரா என்கிட்ட மட்டும் சொன்னாங்க, நான் உன்கிட்டச் சொல்லலன்னு எழுது. எங்க வேலையில நோயாளியைப் பத்தி வெளிய சொல்லக்கூடாதுதான். நம்புவாங்க."

"உங்களுக்கு என்ன ஆகும்?"

"என் வேலை போனா நாம இங்க இருக்கலாம். உன் வேலை போனா இருக்க முடியாது. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அப்ப ஏன் எழுந்து போனீங்கன்னு கேட்டா?"

"தண்ணி குடிக்கப் போனேன்னு சொல்லிக்கிறேன்."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஜூன் 23, திங்கள்

வாக்குமூலம் கொடுத்தேன். இரண்டு பக்கம்.

ஜூன் 26, வியாழன்

அடக்கம். தேவாலயத்துக்குள் இடமில்லாமல் தெருவெல்லாம் ஆட்கள். மோதிய ஆட்டக்காரர் உள்ளே வரவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் மதிலோரம் நின்றார், கையில் வாங்கிய பூவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல். இனி ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இருபத்தொரு வயது.

மொய்ரா என்னைக் கட்டிப்பிடித்தார். "போலீஸ்ல உன் பேரை நான் சொல்லல. நான் யார்கிட்டயும் சொல்லலன்னே சொல்லிட்டேன்" என்று காதில் சொன்னார். பிறகு, "நிமலன் தனக்கு நான் சொன்னதாச் சொல்லியிருக்காரே, ஏன்?" என்று கேட்டார். அதற்குள் வேறு யாரோ வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜூலை 9, புதன்

கடிதம் கையெழுத்தாகி வந்தது. நாலு வருடம்.

ஜூலை 15, செவ்வாய்

நிமலனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நோயாளி என்று தெரிந்தும் பொறுப்பில் இருந்தவர் விட்டுப் போனார் என்று அறிக்கை. இனி இந்த நாட்டில் முதியோரைப் பார்க்கும் வேலைக்கு அவரைச் சேர்க்க மாட்டார்கள். இல்லத்திலிருந்து அவருடைய பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். துவாய், தண்ணீர்ப் போத்தல், அங்குள்ள கிழவி ஒருத்தி பின்னிக் கொடுத்த காலுறை. பையை அலுமாரியில் வைத்துவிட்டு முருங்கைக்கீரை கிடைக்கிறதா பார்த்து வருகிறேன் என்று போனார். இந்த ஊரில் அது கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

ஆதிரையிடம் பள்ளியில் ஒரு பிள்ளை, "உன் அப்பாதான் டக்கைக் கொன்னார்" என்றதாம். அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளுடைய ஆசிரியை போன் பண்ணிச் சொன்னார்.

ஜூலை 24, வியாழன்

அடுத்த வருடக் கூட்டம். ஆட்டம் தொடர்கிறது. மேலிடம் அதற்குப் பெயரும் வைத்துவிட்டது, ஹானிகன் நினைவுக் கோப்பை. கிரெய்க் நான் எடுத்த படத்தைத் திரையில் போட்டார். கிழக்குப் பக்கக் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று, வாய் திறந்து, கைகளை உயர்த்திச் சிரிக்கிறது.

"இப்படி ஒரு படம் நம்மகிட்ட இருந்ததே இல்லை. சுவரொட்டிக்கு இதுதான். மொய்ராவையும் ஒரு விளம்பரத்துல பேச வைக்கணும். உங்களைத்தான் அவங்களுக்குப் பிடிக்கும், நீங்களே போய்க் கேளுங்க."

அந்தப் படம் எந்த நிமிடத்தில் எடுத்தது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

மொய்ரா வீட்டுக்குப் போனேன். பேச்சை எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அதுதானே என் தொழில்.

மொய்ரா தேநீர் போடவில்லை. மேசையில் உட்கார்ந்தவர் என்னைக் கேட்டார். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அன்னிக்கு நிமலன் டக்கோட பக்கத்தை விட்டு அசையவே இல்லை. முதல் பாதி முழுக்க நான் அவரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணுக்குக் கூடப் போகல. அப்படிப்பட்டவர் தண்ணி குடிக்கப் போனார்ங்கிறாங்க. பெஞ்சுக்குக் கீழேயே நாலு போத்தல் தண்ணி இருந்தது, சுகி. யார் அவரைக் கூப்பிட்டது?"

இந்தக் குறிப்பேட்டில் கூட நான் அதை எழுதவில்லை.

"நான்தான்" என்றேன்.

ஆதிரை என் கூடத்தான் இருந்தாள். அந்த நேரம் கிழக்குப் பக்கம் ஒரு இடம்கூடக் காலியில்லாமல் நிறைந்திருந்தது. அப்படி ஒரு படம் எனக்கு வேண்டியிருந்தது. மேல் படிக்கு அவளை இழுத்துக்கொண்டு ஏற முடியாது. நிமலனுக்குப் போன் செய்து, இரண்டே நிமிடம் வந்து பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். வர முடியாது என்றார். நான் கத்தினேன். "எல்லாம் உங்களுக்காகவும்தானே செய்றேன்" என்றேன். வந்தார். வந்தவர் பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஆதிரையின் கையைப் பிடித்தார். நான் படியேறினேன். கேமராவைத் தூக்கியபோது கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. எனக்காகவே எழுந்தது போல இருந்தது. ஐந்தாறு படம் எடுத்த பிறகுதான் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

இவ்வளவையும் சொன்னேன். மார்ச்சிலேயே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். பலகையைக் கழற்றச் சொல்லி நான் யாரையுமே கேட்கவில்லை என்பதையும்.

மொய்ரா மேசையைத் தடவினார். "பலகையை நீ கழற்ற மாட்டேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் அன்னிக்கு அவரைக் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றார். பிறகு, "நீ போ. இனி வராதே" என்றார். கத்திச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை பத்து மணிக்குப் போலீஸ் நிலையம் போனேன். முன்பு என்னிடம் வாக்குமூலம் வாங்கிய அதே பெண் அதிகாரி. மாற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். பழைய இரண்டு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வரி என்று கேட்டார். எல்லா வரியும் என்றேன். மத்தியானம் ஒன்றரை ஆனது. இதனால் எனக்கும் வழக்கு வரலாம், நிமலனுக்கும் வரலாம் என்று கடைசியில் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்து கிரெய்க்கிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படிதான் பேசினார்.

வீட்டுக்கு வந்தபோது நிமலன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். இந்த நேரத்தில் நான் ஏன் வந்திருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

"எல்லாத்தையும் மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்து அடுப்பை அணைத்தார். என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. வெங்காயம் அரிந்த கண், சிவந்திருந்தது.

"இங்கயிருந்து போக எத்தனை நாள் தருவாங்க?"

"அறுபது நாள்னு கிரெய்க் சொன்னார். சரியாத் தெரியல."

தலையை ஆட்டினார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளி விட இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

"ஆதிரைகிட்ட யார் சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன்" என்றேன். "உங்க மேல தப்பில்லைங்கிறதை முதல்ல சொல்றேன்."

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன்.